பார்க்கின்சனோடு ஒரு நாள்: வீட்டில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

என் அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது தெரிந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்குப் பக்கத்தில் கொஞ்சம் ரப்பர், கொஞ்சம் வாழை என்று வாழ்ந்த மனிதர். நான் மருத்துவர் அல்ல, மகள். மாத்திரை அளவை உங்கள் நரம்பியல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் மாத்திரைக்கும் மாத்திரைக்கும் நடுவில் கிடக்கும் பொழுதை எப்படி ஓட்டுவது என்று உறவுக்காரர்களும் அவர்கள் வழியாக வந்தவர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கை நடுங்கினாலே பார்க்கின்சனா?

இல்லை. டீ கிளாஸைத் தூக்கும்போதும் கையெழுத்துப் போடும்போதும் மட்டும் நடுங்கினால் அது பெரும்பாலும் வேறு வகை நடுக்கம். பார்க்கின்சன் நடுக்கம் கை சும்மா மடியில் கிடக்கும்போது வரும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டிக்கொண்டிருப்பது போலத் தெரியும். முதலில் ஒரு பக்கத்தில்தான் தொடங்கும். நடுக்கமே இல்லாத பார்க்கின்சனும் உண்டு. இந்த நோயின் முக்கிய அடையாளம் நடுக்கம் அல்ல, வேகம் குறைவது. சட்டைப் பொத்தான் போட நேரமாகும், நடக்கும்போது ஒரு கை வீசாது, எழுத்து சிறுத்துக்கொண்டே போகும்.

எங்கள் வீட்டில் அது தோள்பட்டை வலியாகத்தான் வந்தது. ஆறு மாதம் எண்ணெய் போட்டுத் தடவினோம். ஒரு நாள் வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசானே, 'இவர் நடக்கும்போது வலது கை வீசவில்லை, இது என் கைக்கு உரிய நோய் இல்லை, நரம்பு டாக்டரிடம் காட்டுங்கள்' என்று அனுப்பி வைத்தார். அந்த நேர்மைக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். பிறகு ரப்பர் ஷீட் கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தால், இரண்டு வருடமாகவே அப்பாவின் எழுத்து எறும்பு ஊர்வது போலச் சிறுத்திருந்தது. கருவாடு வறுத்தால் வாசம் தெரியவில்லை என்று சொன்னதும், மலச்சிக்கலும், தூக்கத்தில் கத்தியதும் அதற்கும் முன்பே. இவையெல்லாம் நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்னரே வரக்கூடியவை. அப்போது எங்களுக்குத் தெரியாது.

எம்.ஆர்.ஐ ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தால் நோய் இல்லை என்று பொருள் அல்ல. பார்க்கின்சனில் அந்த ஸ்கேன் பெரும்பாலும் இயல்பாகத்தான் இருக்கும். வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் எடுக்கிறார்கள். நோயை முடிவு செய்வது மருத்துவர் நேரில் பார்த்துச் சோதிப்பதுதான்.

ஏன் வருகிறது? பிள்ளைகளுக்கும் வருமா?

மூளையின் அடிப்பகுதியில் டோபமைன் என்ற பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் மெல்ல அழிகின்றன. உடலை இலகுவாக அசைக்க அந்த டோபமைன் வேண்டும். ஏன் அழிகின்றன என்பதற்குப் பெரும்பாலோரிடம் ஒற்றைக் காரணம் கிடையாது. சில பூச்சிக்கொல்லி, களைக்கொல்லிகளோடு நீண்ட காலம் புழங்கியவர்களுக்கு வாய்ப்பு கூடுதல் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் இந்த ஆளுக்கு இந்த மருந்து அடித்ததால்தான் வந்தது என்று கை நீட்ட முடியாது. தொற்றாது. பரம்பரையாக வருவது சிறு பங்குதான். பேரப்பிள்ளைகள் தாராளமாக மடியில் உட்காரலாம்.

மாத்திரையைச் சீக்கிரம் தொடங்கினால் பிறகு வேலை செய்யாது என்கிறார்களே?

இந்த நோய்க்கான முக்கிய மருந்து லெவோடோபா, அது மூளைக்குள் போய் டோபமைனாக மாறும். அந்த மாத்திரையைப் பற்றி ஊரெல்லாம் சொல்லும் பேச்சு இது. இதை நம்பி நாங்களும் எட்டு மாதம் வீணாக்கினோம். 2019-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், ஒரு குழுவுக்கு உடனே லெவோடோபா கொடுத்தார்கள், இன்னொரு குழுவுக்கு 40 வாரம் தள்ளிக் கொடுத்தார்கள். 80 வாரம் கழித்துப் பார்த்தபோது இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. அதாவது அந்த மாத்திரை நோயை முடுக்கிவிடவும் இல்லை, தடுக்கவும் இல்லை. தள்ளிப்போட்டதால் பின்னால் ஒரு லாபமும் கிடைக்கவில்லை, அத்தனை நாளும் சிரமம்தான் மிச்சம். வேலைக்கோ குளிப்பதற்கோ கஷ்டம் வந்துவிட்டது என்றால் மருத்துவர் சொல்லும்போது தொடங்கிவிடுங்கள்.

நேரம் தவறாமல் கொடுக்கச் சொல்கிறார்கள். பத்து இருபது நிமிடம் முன்பின் ஆனால் என்ன?

தொடக்கத்தில் ஒன்றும் தெரியாது. சில ஆண்டுகள் போனபின் அந்த இருபது நிமிடம்தான் எல்லாமே.

லெவோடோபா ரத்தத்தில் அதிக நேரம் நிற்காது. ஒன்றரை மணி நேரத்திலேயே பாதி போய்விடும். முதல் சில ஆண்டுகளில் மூளையே கொஞ்சம் டோபமைனைச் சேர்த்து வைத்துச் சமாளிக்கிறது. நோய் கூடும்போது அந்தச் சேமிப்பு குறைகிறது. அப்போது அடுத்த மாத்திரைக்கு முன்பே கால் கனக்கும், குரல் இறங்கும், சிலருக்கு வியர்வையும் படபடப்பும் வரும். மாத்திரை பிடித்த நேரத்தை 'ஆன்' என்றும் இறங்கிய நேரத்தை 'ஆஃப்' என்றும் மருத்துவர்கள் சொல்வார்கள். எங்கள் வீட்டில் 'கரண்ட் வந்தாச்சா' என்று கேட்போம்.

இருபது ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். மாத்திரை போட்ட நேரம், கை கால் இலகுவான நேரம், மறுபடி இறுகிய நேரம், சாப்பிட்ட நேரம், இதை மட்டும் ஒரு வாரம் எழுதுங்கள். மருத்துவரிடம் 'முன்னைவிட மோசம்' என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. 'எட்டு மணி மாத்திரை பதினொன்றரைக்கு இறங்கிவிடுகிறது, அடுத்தது ஒரு மணிக்குத்தான்' என்று நோட்டைக் காட்டினால் அவர் உடனே இடைவெளியை மாற்றிக் கொடுப்பார். பதினோரு ஆண்டில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் இந்த நோட்டுதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் நாளையே அந்த நேரத்தைச் சுற்றி அடுக்குங்கள். அப்பாவுக்குக் காலை ஆறு மணிக்குப் படுக்கையிலேயே முதல் மாத்திரை. ஆறே முக்கால்வரை யாரும் அவரை எழுப்புவதில்லை. பிறகுதான் கழிப்பறை, பல் தேய்ப்பு, குளியல். முன்பு ஆறு மணிக்கே கையைப் பிடித்து இழுத்துக் குளிக்க வைப்போம். அவரும் வருந்துவார், அம்மாவும் அழுவார். நேரத்தை மாற்றியதும் பாதிச் சண்டை போய்விட்டது.

மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்துக்கடையில் பெயரை மட்டும் சொல்லியும் வாங்காதீர்கள். சிண்டோபா என்ற லெவோடோபா மாத்திரையிலேயே 110, பிளஸ், 275 என்று வெவ்வேறு அளவுகள் இருக்கின்றன. மெல்லக் கரையும் சி.ஆர் வகையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது.

மாத்திரை பிடித்த நேரத்தில் உடல் நெளிந்து ஆடுகிறது. நோய் முற்றிவிட்டதா?

அது நடுக்கம் அல்ல. பல ஆண்டு மாத்திரை எடுத்தவர்களுக்கு மருந்து உச்சத்தில் இருக்கும்போது வரும் தன்னிச்சையான அசைவு. அளவை மாற்றினால் குறையும், நீங்களாகக் குறைக்காதீர்கள். பஸ் ஸ்டாண்டில் இதைப் பார்த்து ஒருவர் 'காலையிலேயே குடித்துவிட்டார்' என்று சொன்னது என் காதில் விழுந்தது. அப்பாவின் காதிலும் விழுந்திருக்கும். அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சொன்னால் புரிந்துகொள்கிறார்கள்.

மீன் சாப்பிடக் கூடாது என்கிறார்கள். நம் ஊரில் மீன் இல்லாமல் எப்படி?

சாப்பிடலாம். லெவோடோபாவும் புரதமும் குடலில் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே போகின்றன. வாசலில் நெரிசலானால் மாத்திரை பின்னுக்குப் போகும். அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்போ, ஒரு மணி நேரம் கழித்தோ மாத்திரை போட்டாலே பெரும்பாலோருக்குப் போதும். வெறும் வயிற்றில் குமட்டினால் ஒரு பிஸ்கட்டோ சின்ன வாழைப்பழமோ சேர்த்துக்கொள்ளலாம்.

நோட்டில் எழுதிப் பார்த்தபோது, சாளைக் குழம்பும் கிழங்கும் மதியம் சாப்பிட்ட நாட்களில் இரண்டு மணி மாத்திரை அப்பாவுக்குப் பிடிக்கவே இல்லை என்று தெரிந்தது. மீனை ராத்திரிக்கு மாற்றினோம். பயறு போட்ட புட்டும் முட்டையும்கூட அப்படித்தான். புரதத்தை நிறுத்தவில்லை, பெரும்பங்கை ராத்திரிக்குத் தள்ளினோம். இந்த நோயில் எடை குறைவது உண்டு என்பதால் மீனையும் பாலையும் ஒரேயடியாக நிறுத்துவது தவறு. இந்த மாற்றம் எல்லாருக்கும் தேவையும் இல்லை. ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை எடுத்தால் இதற்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும்.

கேஸ், தலைசுற்றல், வாந்திக்குச் சாதாரண மாத்திரை போடலாமா?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, நானேதான் சேர்த்திருக்கிறேன். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒருமுறை நெஞ்செரிச்சலுக்கு ஓரிடத்தில் காட்டி மாத்திரை வாங்கினோம். மூன்று வாரத்தில் அப்பா எழுந்திருக்கவே முடியாத நிலைக்கு வந்துவிட்டார். நோய் முற்றிவிட்டது என்று சொந்தக்காரர்கள் பார்க்க வரத் தொடங்கினார்கள். நரம்பியல் மருத்துவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அமிலம் குறைக்கும் மருந்தோடு லெவோசல்பிரைடு என்ற மருந்தும் சேர்ந்திருந்தது. அது மூளையில் டோபமைனின் வேலையைத் தடுக்கும். நிறுத்திய பிறகு மெல்ல மீண்டார்.

வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, தலைசுற்றலுக்கும் வாந்திக்கும் கொடுக்கும் புரோகுளோர்பெரசின், தலைசுற்றலுக்குத் தாராளமாகக் கொடுக்கப்படும் சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கான ஃபுளுனரிசின், மனக்குழப்பத்துக்கான ஹாலோபெரிடால் எல்லாம் இதே ரகம்தான். நோய் இல்லாதவர்களுக்கே பார்க்கின்சன் போன்ற அறிகுறிகளைக் கொண்டுவரக்கூடியவை. இந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதி மருத்துவச் சீட்டோடு குத்தி வையுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் உட்காரும் முன்பே 'இவருக்குப் பார்க்கின்சன்' என்று சொல்லுங்கள்.

சித்த மருந்து, நாட்டு மருந்து எடுக்கலாமா?

நம் மாவட்டத்தில் இதைக் கேட்காத வீடு இல்லை. பூனைக்காலி விதையில் உண்மையிலேயே லெவோடோபா இருக்கிறது. இருப்பதால்தான் கவனம் தேவை. பொடியில் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு இல்லாமல் மாத்திரையோடு சேர்த்து எடுத்தால் அளவு கூடிப்போய், உடல் நெளிவதும் இல்லாத உருவங்கள் தெரிவதும் வரலாம். எடுப்பதாக இருந்தால் இரண்டு பக்க மருத்துவர்களுக்கும் தெரிந்து எடுங்கள். ஒளித்து எடுப்பதுதான் ஆபத்து. விறைப்புக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிப்பது சுகமாக இருக்கும், அதில் தவறில்லை. எண்ணெய்க் காலோடு நடக்க விடாதீர்கள்.

நடந்துகொண்டிருக்கும்போதே கால் தரையில் ஒட்டிவிடுகிறது. என்ன செய்வது?

'காலு ஒட்டிப்போச்சு மக்களே' என்று அப்பா நின்றுவிடுவார். கதவிடுக்கு, திரும்பும் இடம், ஆள் நெரிசல், இந்த மூன்றிலும்தான் அதிகம். அப்போது கையைப் பிடித்து இழுத்தால் மேல்பாதி முன்னே வரும், கால் வராது, விழுவார். 'வேகமா வாங்க' என்பதும் இன்னும் இறுக்கும்.

நிற்க விடுங்கள். நிமிர்ந்து, உடல் எடையை இடதும் வலதுமாக இரண்டு மூன்று முறை மாற்றி, பிறகு ஒரு பெரிய எட்டு. 'ஒண்ணு, ரெண்டு' என்று எண்ணினால் சிலருக்குக் கால் எழும்பும். எதையாவது தாண்டுவது இன்னும் எளிது. எங்கள் பழைய ஓட்டு வீட்டில் உயரமான மரப்படியை அப்பா அழகாகத் தாண்டிப் போவார், சமதளமான புது அறையில்தான் ஒட்டிக்கொள்வார். அதைப் பார்த்துப் புது அறை வாசலில் ஓர் அடி இடைவெளியில் நான்கு கோடுகளாகக் கலர் டேப் ஒட்டினேன். கோட்டைத் தாண்டித் தாண்டிப் போய்விடுகிறார். நான் என் பாதத்தைக் குறுக்கே வைத்து 'இதைத் தாண்டுங்கப்பா' என்றாலும் சரியாகிவிடும். திரும்பும்போது நின்ற இடத்திலேயே சுழலாமல் பஸ் திரும்புவது போல அகலமாக வளைந்து திரும்பச் சொல்லுங்கள். ஃபோன் பேசிக்கொண்டும் டம்ளரைத் தூக்கிக்கொண்டும் நடப்பது வேண்டாம்.

தினமும் நடைப்பயிற்சி மாத்திரைக்குச் சமம் என்றே நான் நினைக்கிறேன். மாத்திரை பிடித்த நேரத்தில், பள்ளி மைதானம் போன்ற சமதளத்தில், கையை நன்றாக வீசி நடக்கட்டும். சங்குத்துறை, சொத்தவிளை கடற்கரைகள் அழகுதான், ஆனால் கால் புதையும் மணல் நல்லதல்ல.

விழாமல் இருக்க வீட்டில் என்ன மாற்ற வேண்டும்?

நம் ஊரில் ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. முற்றத்திலும் கிணற்றடியிலும் பாசி பிடிக்காத மாதம் குறைவு. முதல் செலவு அங்கேதான். தேய்த்துக் கழுவி, சொரசொரப்பான கல் பதித்துவிடுங்கள். கழிப்பறையில் கைப்பிடிக் கம்பியும் உயரமான மேற்கத்திய இருக்கையும் வேண்டும். லேசான பிளாஸ்டிக் நாற்காலி எழும்போது பின்னால் நழுவும், கைப்பிடி உள்ள கனமான மர நாற்காலி நல்லது. வேட்டி காலில் சிக்கினால் எலாஸ்டிக் வைத்த கால்சட்டை. ரப்பர் செருப்புக்குப் பதில் பின்பட்டை உள்ளது. சட்டைப் பொத்தான்களை மேலே அப்படியே வைத்து அடியில் ஒட்டும் பட்டை தைத்துத் தரச் சொன்னேன். வெளியே பார்த்தால் யாருக்கும் தெரியாது, அப்பாவுக்கு அது முக்கியம்.

படுக்கையில் புரள முடியவில்லை என்றால் பழைய வழுவழுப்பான நைலக்ஸ் சேலையை இடுப்புப் பகுதியில் மட்டும் விரித்துப் பாருங்கள். அம்மா கண்டுபிடித்தது.

சாப்பிடும்போது இருமல் வருகிறது.

இதை லேசாக எடுக்காதீர்கள். விழுங்கும் தசையும் மந்தமாவதால் உணவு மூச்சுக்குழாய்ப் பக்கம் போகலாம். சாப்பிட்டதும் குரல் ஈரமாகக் கரகரத்தால், அடிக்கடி காய்ச்சல் சளி வந்தால் மருத்துவரிடம் சொல்லி விழுங்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். மாத்திரை பிடித்த நேரத்தில், நிமிர்ந்து உட்கார்ந்து, சிறு வாயாக, பேசாமல், டி.வி பார்க்காமல் சாப்பிடட்டும். வெறும் புட்டு உதிர்ந்து தொண்டையில் பரவும், பழத்தோடு நன்றாகப் பிசைந்தால் இறங்கும். முள் அதிகமுள்ள மீனை நீங்களே எடுத்துக் கொடுங்கள். தண்ணீர்தான் சிலருக்கு அதிகம் புரையேறும், கஞ்சி போலக் கெட்டியானது எளிதாகப் போகும். டம்ளரில் பாதி ஊற்றுங்கள்.

மலச்சிக்கல், எழுந்தால் தலைசுற்றல், இரவில் கத்துவது?

மூன்றும் நோயின் பகுதிதான். மலச்சிக்கல் இருந்தால் மாத்திரையும் சரியாகப் பிடிக்காது. தண்ணீர், கீரை, நம் ஊர் மட்டி வாழைப்பழம், போதாவிட்டால் மருத்துவர் தரும் இளக்கி. எழும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதால் கண் இருட்டும். கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, காலை ஆட்டிவிட்டு, பிறகு எழட்டும். ஏற்கெனவே பி.பி. மாத்திரை எடுப்பவர் என்றால் அதைக் குறைக்க வேண்டுமா என்று கேளுங்கள். கனவில் அடிப்பதும் உதைப்பதும் அவருக்குத் தெரிந்து நடப்பதல்ல. அம்மாவுக்குத் தனிக் கட்டில் போட்டோம். இதற்கு மருந்து உண்டு.

அப்பா லாட்டரிக்குப் பணத்தை அழிக்கிறார். இதற்கும் நோய்க்கும் தொடர்பு இருக்குமா?

இருக்கலாம். இந்த நோய்க்கே கொடுக்கும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகள் சிலருக்குச் சூதாட்டம், கண்டபடி வாங்குவது, அளவில்லாத உணவு அல்லது பாலியல் ஆசை போன்ற அடக்க முடியாத உந்துதலைத் தரும். தமிழ்நாட்டில் லாட்டரி 2003 முதல் இல்லை, ஆனால் களியக்காவிளை தாண்டினால் கேரள லாட்டரி கைக்கெட்டும் தூரத்தில். திட்டாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தை மாற்றினால் பெரும்பாலும் அடங்கும். வெட்கப்பட்டு மறைத்த குடும்பங்கள்தான் கடனில் விழுந்திருக்கின்றன. இல்லாத ஆளோ பூச்சியோ தெரிகிறது என்றாலும் அப்படித்தான், உடனே சொல்ல வேண்டும்.

முகத்தில் சிரிப்பே இல்லை. கோபமா, வருத்தமா?

இரண்டும் இல்லாமல் இருக்கலாம். முகத்தசை விறைப்பதால் உள்ளே சிரித்தாலும் வெளியே வராது. என் மகன் 'தாத்தாவுக்கு என்னைப் பிடிக்கல' என்று சொன்ன நாளில்தான் எல்லாருக்கும் விளக்கினோம். இப்போது அவன் தாத்தாவின் கையை அழுத்துவான், அவர் திருப்பி அழுத்துவார். ஆனால் உண்மையான மனச்சோர்வும் இந்த நோயில் அதிகம், அதற்குச் சிகிச்சை இருக்கிறது, கேட்டுப் பெறுங்கள். குரல் இறங்குவதற்குச் சத்தமாக வாசிப்பதும் பாடுவதும் உதவும். அப்பா தினமும் பைபிளில் சங்கீதம் ஒன்றை அடுத்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரி வாசிப்பார்.

எங்கே காட்டுவது? அரசு உதவி உண்டா?

ஆசாரிபள்ளத்தில் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிலையத்தில் இயக்கக் கோளாறுகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு, மூளையில் மின்கம்பி பொருத்தும் அறுவை சிகிச்சையும் அங்கே செய்கிறார்கள். அந்த அறுவை நோயைத் தீர்ப்பதல்ல. மாத்திரை நன்றாகப் பிடித்தும் ஏற்ற இறக்கம் தாங்க முடியாதவர்களுக்கு உரியது, விழுங்குவதையோ பேச்சையோ சரிசெய்யாது. வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தருவது 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உண்டு, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் பார்க்கின்சனும் ஒன்று. அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

மாத்திரை எத்தனை நாளுக்கு வாங்கி வைப்பது?

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது ரப்பரும் வாழையும் ரோட்டில் கிடந்தன, கரண்ட் இல்லை. எங்களிடம் நான்கு நாள் மாத்திரைதான் இருந்தது. மூன்றாம் நாள் நான் உறங்கவில்லை. அன்றிலிருந்து பதினைந்து நாள் மாத்திரை எப்போதும் கூடுதலாக இருக்கும். வேறு எந்த நோய்க்கு மருத்துவமனையில் சேர்த்தாலும் மாத்திரையையும் நேர அட்டையையும் கையோடு கொண்டுபோய், வார்டு நேரத்துக்கு அல்ல, இவருடைய நேரத்துக்குக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கல்யாண வீட்டுக்கு அழைத்துப் போகலாமா? நாலு பேர் பார்ப்பார்களே.

அழைத்துப் போங்கள். பந்தி எத்தனை மணிக்கு என்று முன்பே கேட்டு, மாத்திரையை அதற்கு நாற்பது நிமிடம் முன்பு வருமாறு பாருங்கள். முதல் பந்தி நெரிசலில் வேண்டாம், ஓரத்து நாற்காலியாகப் பிடியுங்கள். ஒரு கரண்டியும் துண்டும் பையில் இருக்கட்டும். போன மாதம் மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாணத்தில் அப்பா அடைப்பிரதமன் பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சட்டையில் கொஞ்சம் சிந்தியது. மாற்றுச் சட்டை காரில் இருந்தது.